எட்டு ஏக்கரில் கண்ணாடி நட்டால் கரண்ட் வருமா?

வாசகர் கடிதம் (சுருக்கமாக): "ஐயா, நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் நான்கு வருடம், துபாயில் ஆறு வருடம் வேலை பார்த்து இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். ஊத்தங்கரை பக்கம் எட்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது, மழை பொய்த்தால் சும்மா கிடக்கும். துபாயில் ஆயிரக்கணக்கான கண்ணாடிகளால் வெயிலை ஒரு கோபுரத்தின் உச்சியில் குவித்து ராத்திரியிலும் மின்சாரம் எடுப்பதைப் பார்த்தேன். அதே மாதிரி இங்கே 1 மெகாவாட் போட்டு மின்வாரியத்துக்கு விற்கலாம், இந்தியா போன்ற நாடுகளில் இதற்குப் பெரிய மார்க்கெட் இருக்கிறது, யூனிட்டுக்கு 7 ரூபாய் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். நிலத்தை வைத்துக் கடன் வாங்கலாமா? என் மாமா காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறார், அவரும் பணம் போடத் தயாராக இருக்கிறார்."

தம்பி, கடன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். இந்தத் திட்டத்துக்கு நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். கையெழுத்துப் போட்டிருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், போடவில்லை என்றால் பத்திரத்தை பீரோவிலேயே வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாக தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் சுற்றுவட்டாரத்தில் ஆலைகளில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்க்கும் எனர்ஜி ஆடிட் செய்கிறவன். பாதி நாள் பாய்லர் ரூமில்தான் நிற்கிறேன். வெயிலைக் குவிக்கிற இந்தத் தொழில்நுட்பம் எனக்கு ரொம்பப் பிடித்தமானது, அதனால்தான் அது தவறான இடத்தில் மாட்டிக்கொண்டு கெட்ட பேர் வாங்குவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

நீங்கள் பார்த்த துபாய் கோபுரம் 262 மீட்டர் உயரம். அதோடு சேர்ந்த திட்டத்தில் வெயில் குவிக்கும் பகுதி மட்டும் 700 மெகாவாட், பக்கத்திலேயே சாதாரண சோலார் பேனல் 250 மெகாவாட். அந்த மின்சாரத்தை அங்கே அரசின் மின் நிறுவனம் 35 வருட ஒப்பந்தம் போட்டு, யூனிட் 7.3 அமெரிக்க சென்ட் விலையில் வாங்குகிறது. அந்த விலை கட்டுபடியாவதற்கு முதல் காரணம் அதன் அளவு. குவித்த சூட்டில் நீராவி எடுத்து, அந்த நீராவி சுழற்றும் டர்பைனில்தான் மின்சாரம் வருகிறது, அந்த டர்பைன் பெரியதாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 1 மெகாவாட் டர்பைனில் உள்ளே போகும் சூட்டில் பெரும்பங்கு வீணாகத்தான் வெளியே போகும். சோலார் பேனல் அப்படி இல்லை, ஒரு பேனல் வைத்தாலும் ஒரு லட்சம் பேனல் வைத்தாலும் ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்துவிடும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நம் நாட்டிலேயே நீங்கள் கேட்ட 1 மெகாவாட் அளவில் ஒன்று இருக்கிறது. ராஜஸ்தானில் ஆபு ரோட்டில் பிரம்மகுமாரிகள் அமைப்பின் வளாகத்துக்காகக் கட்டிய 'இந்தியா ஒன்' நிலையம். வெயிலைக் குவிக்கும் கிண்ண வடிவக் கண்ணாடி, டிஷ் என்பார்கள், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டரில் 770 இருக்கிறது, பொழுது சாய்ந்த பிறகும் ஓடுவதற்கு 16 மணி நேரச் சூட்டைச் சேமித்து வைக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள், 770 பெருக்கல் 60 என்றால் 46,200 சதுர மீட்டர், கண்ணாடி மட்டுமே பதினோரு ஏக்கருக்கு மேல் வருகிறது. ஒன்றின் நிழல் இன்னொன்றில் விழாமல் இருக்க இடைவெளி விடவேண்டும், அது தனி. உங்களிடம் இருப்பது எட்டு ஏக்கர். ராத்திரிக்குச் சேமிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டால் கண்ணாடி குறையும்தான், ஆனால் சேமிப்பு இல்லாவிட்டால் இந்த வகை நிலையத்துக்கு இருக்கும் ஒரே பெரிய பலமும் போய்விடுகிறது. ஆபு ரோடு நிலையத்துக்கு மத்திய அரசும் ஜெர்மனி அரசும் உதவி செய்தன, மின்சாரம் அந்த வளாகத்துக்கே போகிறது. கடன் வாங்கி, கரண்ட் விற்று, தவணை கட்டுகிற கணக்கு அங்கே கிடையாது.

சரி, பெரிதாகப் போட்டவர்கள் கதி என்ன? இது உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2010 ஜனவரியில் தேசிய சூரிய மின் இயக்கம் தொடங்கியபோது வெயில் குவிக்கும் நிலையங்களுக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அந்த வருடமே ஏழு திட்டங்கள், மொத்தம் 470 மெகாவாட், குறைந்த விலைக்கு மின்சாரம் தருகிறவருக்கே திட்டம் என்கிற ஏலத்தில் போயின. கேட்ட விலை யூனிட்டுக்கு 10.49 ரூபாயிலிருந்து 12.24 ரூபாய் வரை. ஏழில் கடைசியில் எழுந்து நின்றவை மூன்றுதான். ராஜஸ்தானில் நோக் என்ற ஊரில் 50 மெகாவாட், போக்ரான் பக்கம் துர்சாரில் 100 மெகாவாட், நமக்குக் கொஞ்சம் பக்கமாக ஆந்திராவில் அனந்தபூரில் 50 மெகாவாட். மற்றவை ஏன் நின்றன என்பதற்குப் பல காரணம் உண்டு, அதில் ஒன்று வெயில். ஏலம் கேட்டவர்கள் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த வெயில் அளவை நம்பிக் கேட்டார்கள், அப்புறம் நிலத்தில் கருவி வைத்து அளந்தபோது தூசியும் புகைமூட்டமும் சாப்பிட்டது போக வந்த வெயில் குறைவாக இருந்தது. அரசு நாடு முழுக்க வெயில் அளக்கும் நிலையங்களை வரிசையாக அமைத்ததே 2011இல்தான், அதுவும் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் அரசின் காற்றாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலமாக. அளப்பதற்கு முன்பே விற்றுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அதே சமயத்தில் பேனல் விலை கிடுகிடுவென்று இறங்கியது. 2017 மே மாதம் ராஜஸ்தான் பத்லாவில் பேனல் மின்சாரம் யூனிட் 2.44 ரூபாய்க்கு ஏலம் போனது, 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99 ரூபாய். பன்னிரண்டு ரூபாய் எங்கே, இரண்டு ரூபாய் எங்கே! கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் தாண்டி வடக்கே போனால் கர்நாடகத்தின் பாவகடா வந்துவிடும், மழையில்லாத மானாவாரி நிலத்தை விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்து 2,000 மெகாவாட்டுக்கு மேல் பேனல் போட்டிருக்கிறார்கள். ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், உங்கள் நிலத்தோடு ஒப்பிட அதுதான் சரியான இடம். 7 ரூபாய் கிடைக்கும் என்று சொன்னவரிடம் எந்த உத்தரவின்படி, எந்த ஒப்பந்தத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கொடுக்கவில்லை என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்று தண்ணீர். நீராவியை மறுபடி தண்ணீராக்கக் குளிர்விக்க வேண்டும், சாதாரண கூலிங் டவர் வைத்தால் யூனிட்டுக்குச் சுமார் மூன்று லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். வருடத்துக்கு 15 லட்சம் யூனிட் எடுப்பதாக வைத்தால் 45 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 375 லோடு. ஊத்தங்கரையில் சித்திரை மாதம் குடிக்கவே டேங்கரை எதிர்பார்க்கிற ஊர்கள் இருப்பது உங்களுக்குத் தெரியாததா? அதுவும் நம் இரண்டு மாவட்டத்துப் போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். நம் ஊர்ப் போரின் உப்புத் தண்ணீரை அப்படியே பாய்லரில் விட்டால் ஒரு சீசனில் குழாய்க்குள் சுண்ணாம்பு கட்டிவிடும். நான் வெட்டி எடுத்த ஒரு பாய்லர் குழாயை இன்னும் மேஜைமேல் வைத்திருக்கிறேன். இரண்டு அங்குலக் குழாயில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம்.

வளரும் நாடுகளில் இதற்கு மார்க்கெட்டே இல்லையா என்றால் அப்படியும் இல்லை. மொராக்கோவில் வர்சாசாத் பாலைவன ஓரத்தில் மூன்று நிலையங்களாக 510 மெகாவாட் ஓடுகிறது, அதற்குப் பின்னால் உலக வங்கி போன்றவை குறைந்த வட்டிக்குக் கொடுத்த கடன் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா செய்தது எனக்கு இன்னும் பிடித்தது. மாலையில் ஊரே விளக்குப் போட்டு அடுப்பு மூட்டும் நேரத்தில் தரும் மின்சாரத்துக்கு அடிப்படை விலையைப் போல 2.7 மடங்கு தருகிறோம் என்று ஒரு ஏலச் சுற்றில் அறிவித்தார்கள். உடனே சூட்டைச் சேமித்து வைத்து மாலையில் விற்பது லாபமாகிவிட்டது. உருக்கிய உப்பில் சேமிப்பார்கள், சோடியம் நைட்ரேட் அறுபது பங்கு, பொட்டாசியம் நைட்ரேட் நாற்பது பங்கு, கிட்டத்தட்ட நம் உரக்கடைச் சரக்குதான். 565 டிகிரி வரை சூடேற்றித் தொட்டியில் வைத்துவிட்டு வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் 2010 ஏலத்தில் பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே விலை, அப்புறம் யார் காசு போட்டு உப்புத் தொட்டி கட்டுவார்கள்? மார்க்கெட் என்பது வெயிலில் மட்டும் இல்லை தம்பி, எந்த நேரத்து மின்சாரத்துக்கு என்ன விலை என்று எழுதுகிற காகிதத்திலும் இருக்கிறது. இப்போது பேட்டரி விலையும் 2010இல் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டதால் அந்த மாலை நேர வியாபாரத்துக்கும் போட்டி வந்துவிட்டது. அந்த உப்புத் தொட்டியும் லேசுப்பட்டதில்லை, 240 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழாய்க்குள்ளேயே உறைய ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் நெவாடாவில் 110 மெகாவாட் நிலையம் ஒன்று 2016இல் தொட்டி ஒழுகி மாதக்கணக்கில் நின்றது, கடைசியில் நிறுவனமே திவாலானது.

இனி உங்களுக்கு உண்மையிலேயே வழி இருக்கும் இடத்துக்கு வருகிறேன். வெயிலைக் குவித்தால் முதலில் கிடைப்பது சூடு. உங்கள் அளவுச் சின்ன டர்பைனில் அதை மின்சாரமாக்கும்போதுதான் பெரும்பங்கு வீணாகப் போகிறது. சூட்டைச் சூடாகவே விற்றால்? நம் ஊர் ஆலைகளுக்கு வேண்டியதும் அதுதானே. பால் பதப்படுத்த, பட்டுக்கூடு வேகவைக்க, மாங்கூழ் காய்ச்ச, விடுதிச் சமையலுக்கு, ஆஸ்பத்திரித் துணி வெளுக்க என்று எல்லாவற்றுக்கும் 60லிருந்து 150 டிகிரிக்குள் சூடு போதும். திருமலையில் 2002இலேயே டிஷ் வைத்து நீராவியில் அன்னதானச் சமையல் தொடங்கினார்கள், ஷீரடியிலும் வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் லாத்தூரில் ஒரு பால் பண்ணையில் 160 சதுர மீட்டரில் ஒற்றைப் பெரிய டிஷ் 2006இல் வைத்தார்கள். பக்கத்தில் பார்க்கவேண்டும் என்றால் ஆரோவில்லுக்குப் போங்கள், அங்கே சமையற்கூடத்தின் மொட்டை மாடியில் 15 மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் அசையாமல் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், வெயில் நகர நகர நடுவில் இருக்கும் குழாய் மட்டும் அதற்கேற்ப நகரும். நான் முதல்முறை பார்த்தபோது ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்படியானால் மாமாவின் மாங்கூழ் ஆலைக்கு வைத்துவிடலாமே என்று நினைப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். காலண்டரை எடுத்துப் பாருங்கள். கூழுக்குப் போகும் பெங்களூரா மாங்காய் வண்டி வண்டியாக வந்து இறங்குவது வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி வரைக்கும். அதே நேரத்தில்தான் தென்மேற்குக் காற்று அடிக்கிறது, மழை பெய்கிறதோ இல்லையோ மேகம் மட்டும் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும். பேனல் மேகத்திலும் கொஞ்சமாவது தரும், ஏனென்றால் அதற்குச் சிதறிய வெளிச்சமும் போதும். குவிக்கிற கண்ணாடிக்கு நேர் வெயில் மட்டும்தான். சின்ன வயதில் லென்ஸ் வைத்துக் காகிதம் பொசுக்கியிருப்பீர்கள், ஒரு துண்டு மேகம் வந்தால் அவ்வளவுதான், புகை நின்றுவிடும். உங்கள் கண்ணாடிக்கு நல்ல வெயில் கிடைக்கிற தை, மாசி, பங்குனியில் மாமாவின் பாய்லர் பூட்டிக் கிடக்கும்.

விறகு விலையும் இதோடு சேர்கிறது. 16 சதுர மீட்டர் டிஷ் ஒன்று நல்ல வெயில் நாளில் 25,000 கிலோகலோரி சூடு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ விறகு எரித்தால் பாய்லர் போக உருப்படியாகக் கிடைப்பது 2,000 கிலோகலோரி, ஆக ஒரு டிஷ் நாளைக்கு மிச்சம் பிடிப்பது பன்னிரண்டரை கிலோ விறகு. சீமைக்கருவேலமோ தைல மரமோ கிலோ ஐந்து ரூபாய் என்று போட்டால் அறுபது ரூபாய் சொச்சம். மாங்காய் சீசன் எண்பது நாளில் தாராளமாகப் பாதி நாள் வெயில் அடித்தது என்றாலும் வருடத்துக்கு 2,500 ரூபாய். டிஷ்ஷின் விலை லட்சங்களில். போதாததற்கு மாங்கொட்டையைக் காயவைத்து அதே பாய்லரில் எரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு விறகுச் செலவு இன்னும் குறைவு. மாமாவிடம் பணம் கேட்காதீர்கள். அவர் ஆலைக்கு நான் சொல்வது நீராவிக் குழாய்களுக்குச் சூடு வெளியே போகாமல் சுற்று போடுவதும், குழாயில் தேங்கும் தண்ணீரை வெளியே விடும் டிராப் வால்வில் வீணாகப் போகும் சுடுதண்ணீரைப் பாய்லருக்கே திருப்புவதும்தான். பல ஆலைகளில் சாக்கடையில் ஆவி பறக்கச் சுடுதண்ணீர் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதே டிஷ்ஷை கேஸில் சமைக்கும் இடத்தில் வையுங்கள், கணக்கு மாறும். ஒரு கிலோ கேஸ் உருப்படியாகத் தருவது 9,000 கிலோகலோரி என்று வைத்தால் நாளைக்கு 2.8 கிலோ கேஸ் மிச்சம். 19 கிலோ வணிக சிலிண்டர் 1,800 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 265 ரூபாய், 250 நாள் ஓடினால் வருடத்துக்கு 66,000 ரூபாய். விறகுக்கு எதிராக அதே 250 நாள் ஓடினாலும் 15,600தான். வெயில் இரண்டு இடத்திலும் ஒரே வெயில்தான், எதை மிச்சப்படுத்துகிறோம் என்பதில்தான் இத்தனை வித்தியாசம். அதனால் நீங்கள் தேடவேண்டியது வருடம் முழுக்க, பகலில், கேஸோ டீசலோ எரிக்கிறவர்களை. ஐந்நூறு பிள்ளைகளுக்கு மேல் சாப்பிடுகிற கல்லூரி விடுதிகள், பெரிய ஆஸ்பத்திரிகள், பால் பதப்படுத்தும் நிலையங்கள், ஓசூரில் உதிரி பாகங்களைக் கழுவிப் பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலைகள். ஓசூரில் நான்கு வருடம் இருந்தவர், எந்தக் கம்பெனியில் டீசல் ஹீட்டர் ஓடுகிறது என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எண்பது டிகிரிக்குள் சுடுதண்ணீர் போதும் என்றால் கண்ணாடி வைத்துக் குவிக்கவே வேண்டாம், வீட்டு மாடியில் வைக்கிற கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டரே போதும், மேகத்திலும் கொஞ்சம் சூடேறும், நகர்த்தவும் வேண்டாம். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு வாங்கிப் போய் நூல் எடுக்கிறவர்கள் சிலருக்கு நான் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், குழாய் ஹீட்டரில் தண்ணீரை அறுபது, எழுபது டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டு மீதியை விறகில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று. டிஷ் வேண்டியது நூறு டிகிரிக்கு மேல் நீராவியாகவே வேண்டும் என்கிற இடத்துக்கு மட்டும்.

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்று. ஒரு விடுதியின் மொட்டை மாடியில் பத்து டிஷ் இருந்தன, பெயர் வேண்டாம். போனபோது பத்தும் பத்துத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணாடிமேல் விரலால் கோடு போட்டேன், வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டியது, பக்கத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறை. வெயிலோடு திருப்பும் சங்கிலி இரண்டில் அறுந்திருந்தது. இந்த வகை டிஷ்ஷில் தினமும் கிழக்கிலிருந்து மேற்கே திருப்புவது தவிர, சூரியன் வடக்கே தெற்கே நகர நகர சில நாளுக்கு ஒரு முறை வளைவையும் கையால் சரிசெய்யவேண்டும். அதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் வேலை மாறிப் போய்விட்டார். சமையல்கார அம்மா சொன்னார், "வெச்ச ஒரு வருஷம் பதினோரு மணிக்கெல்லாம் சாதம் வெந்துடும் சார், அப்புறம் யாரும் எட்டிப் பாக்கல." கீழே கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஐந்தாயிரம் ரூபாய்க்குள் சங்கிலியும், வாரம் இரண்டு முறை கழுவ ஒரு ஆளும், அந்த வளைவைச் சரிசெய்யத் தெரிந்த ஒரு மெக்கானிக்கும் இருந்தால் அன்றைக்கே ஓடியிருக்கும்.

நான் பார்த்தவற்றில் நின்றுபோன டிஷ்களில் பலவும் இப்படி அற்பக் காரணத்துக்கு நின்றவைதான். அரசு மானியம் கொடுத்த காலத்தில் வைத்தார்கள், மானியம் வைப்பதற்கு இருந்தது, பார்த்துக்கொள்வதற்கு இல்லை. உங்கள் மார்க்கெட் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓசூரில் சங்கிலி, கியர், பேரிங் எல்லாம் பார்த்த கை உங்களுடையது. நிலத்தை அடகு வைக்காமல், ஒரு டூல் பாக்ஸும் பைக்கும் வைத்துக்கொண்டு, வேலூரிலிருந்து சேலம் வரை, முடிந்தால் பெங்களூர் வரை, டிஷ் வைத்து நின்றுபோன இடங்களைப் பட்டியல் போடுங்கள். ஒன்றை இலவசமாக ஓடவைத்துக் காட்டுங்கள், ஓடிய மூன்று மாதத்தில் எத்தனை சிலிண்டர் குறைந்தது என்று அவர்கள் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், அந்த மிச்சத்தில் இத்தனை பங்கு என்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் பேசுங்கள். பத்து இடம் கைக்கு வந்தபிறகு புதிதாக வைத்துத் தருவதையும், நீராவியைக் கிலோ கணக்கில் விற்பதையும் யோசிக்கலாம், அப்போது வங்கியில் காட்ட உங்களிடம் கணக்கு இருக்கும்.

எட்டு ஏக்கர் நிலத்துக்கு அவசரம் இல்லை. பேனல் போட யாராவது குத்தகைக்குக் கேட்டால் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள், துணை மின் நிலையம் எவ்வளவு தூரம், அதில் இடம் இருக்கிறதா என்பதை முதலில் மின்வாரியத்தில் விசாரியுங்கள். அதுவரை மாமரமோ புளியோ நின்றால் நிற்கட்டும்.

மாமாவிடம் மட்டும் ஒன்று கேட்டு வாங்குங்கள், போன மூன்று சீசனின் விறகுச் சீட்டும், ஒவ்வொரு சீசனிலும் எத்தனை டன் கூழ் எடுத்தார் என்ற கணக்கும். அதை எனக்கு அனுப்பிவைத்தால் எங்கே சூடு ஒழுகுகிறது என்று ஓரளவு இங்கிருந்தே சொல்லிவிடுவேன். அடுத்த மாதம் பர்கூர் பக்கம் ஒரு ஆலைக்கு வரவேண்டியிருக்கிறது, சீசன் தொடங்குமுன் அப்படியே காவேரிப்பட்டணம் வந்து பாய்லரையும் பார்த்துவிடலாம்.